பன்னிரண்டு நாள் வித்தியாசம்

ஜூன் 18

கல்லூரியில் சேர்ந்து இன்றோடு மூன்று நாள். பி.ஏ. வரலாறு, முதலாமாண்டு. எனக்கு வயது நாற்பத்திரண்டு. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பதினேழு, பதினெட்டு.

முதல் பீரியடில் ஆசிரியை உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து, குதிகால் இரண்டையும் சேர்த்து அடித்து விறைப்பாக நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தேழு வயது இருந்தால் அதிகம். என்னைப் பார்த்துப் பதறி, "பேரண்ட்ஸ் மீட்டிங் வெள்ளிக்கிழமைதான் சார்" என்றார். வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஹவில்தார் தணிகைவேல், ஓய்வு, தன் முதல் தாக்குதலில் இப்படியாக முறியடிக்கப்பட்டார்.

பக்கத்தில் உட்காரும் பையன் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறான். "அங்கிள், மிலிட்டரில எத்தன பேர போட்டீங்க?" நான் இருபத்திரண்டு வருடமும் கோவேறு கழுதைகளோடு இருந்தவன். வண்டி போகாத மலைக் காவல் போஸ்டுகளுக்கு அரிசி, மண்ணெண்ணெய், தபால் எல்லாம் அவற்றின் முதுகில்தான் போகும். "நான் யாரையும் போடல தம்பி. என்னத்தான் நாலு தடவ போட்டிருக்கு, பின்னங்காலால" என்றேன். அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.

என் மகள் ஜீவிதாவும் இதே கல்லூரிதான். பி.எஸ்சி. கணினி அறிவியல். முன்னாள் ராணுவத்தினர் வாரிசு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். பொதுப் பட்டியலில் அந்தப் படிப்பு அவள் மதிப்பெண்ணுக்கு எட்டாது. காலையில் என் வண்டியில்தான் வருகிறாள். ஆனால் பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே இறக்கிவிடச் சொல்கிறாள். "உள்ள என்ன தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க." என் வாழ்நாளில் எனக்கு வந்த உத்தரவுகளில் இத்தனை தெளிவானது வேறில்லை.

ஜூன் 25

கல்லூரியின் தாளாளர் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார். படிக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் கல்லூரி அலுவலகத்திலேயே கோப்பு பார்க்கும் வேலை. பதிலுக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. விண்ணப்பித்தவர் ஒருவர். கடும் போட்டிக்கிடையே அவரே தேர்வானார்.

அலுவலகத்தில் மேசை எண் நான்கு எனக்கு. கண்காணிப்பாளர் அற்புதராஜ் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். வாரிசு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் கோப்பு முப்பத்தொன்று இருக்கிறது. தகப்பன் ராணுவத்திலிருந்து வெளிவரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் பிள்ளையின் பேரும் பிறந்த தேதியும் என்னவென்று இருக்கிறதோ, அதுவேதான் பிறப்புச் சான்றிதழிலும் இருக்க வேண்டும். இருந்தால் பச்சை மையில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து. இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். செப்டம்பர் 30-க்குள் பச்சை மை விழாத பிள்ளையின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும்.

"எல்லாம் இதுல இருக்கு" என்று சுற்றறிக்கை ஒன்றைக் கொடுத்தார். படித்தேன். அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உத்தரவு கண் முன்னால் இருக்க வேண்டும்.

ஜூலை 2

திட்டத்துக்கு 'வீரவணக்கம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். செத்துப்போனவனுக்குத்தான் வீரவணக்கம் என்பது தாளாளருக்கும் தெரியவில்லை, ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்கும் தெரியவில்லை. அல்லது கடைக்காரனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே பத்தடி உயரத்தில் என் படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தலைக்கு மேல் 'வீரவணக்கம்'. கீழே 'ஹவில்தார் தணிகைவேல்'. பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு தேதி போட இடம் விட்டு வைக்காததுதான் குறை.

காலை பத்து மணியிலிருந்து என் மனைவி ரேணுகாவுக்கு போன் மேல் போன். ஆம்பூர் மாமா பேருந்திலிருந்து படத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கி, ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் போனபோது அவர் சட்னி தொட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, உயிரோடதான் கீற?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது போலத் தோன்றியது. மாலைக்கு நூற்றிருபது ரூபாய் கொடுத்திருக்கிறார் பாவம். மாலையை முருகன் படத்துக்குப் போட்டோம்.

ஜீவிதா என்னோடு பேசவில்லை. "காலேஜ் பூரா செத்துப்போன அங்கிள்னு கூப்புடறாங்க" என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம்.

ஜூலை 11

நாலாம் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் நம் நாட்டைக் காத்தவர்களின் லட்சணம் எனக்கு விளங்கியது. முப்பத்தொரு கோப்பில் இதுவரை ஒன்பது கோப்பில் தேதி உதைக்கிறது. ஒருவர் மகன் பிறந்த மாதத்தையே மாற்றி வைத்திருக்கிறார். இன்னொருவர் இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு வருட இடைவெளி கொடுத்திருக்கிறார்.

கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில். "எழுத்தர் தவறு சார்." கம்பெனி எழுத்தர் தப்பாக எழுதிவிட்டாராம். இத்தனை பட்டாலியனிலும் எழுத்தர்கள் உட்கார்ந்து இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் போல.

இன்று ஒரு ஓய்வுபெற்ற நாயக் வந்தார். மீசையை மட்டும் பார்த்தால் ஜெனரல். "எட்டு நாள்தானே சார் வித்தியாசம், பாத்துப் பண்ணுங்க" என்றார்.

"துப்பாக்கி நம்பரு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

கடகடவென்று ஒப்பித்தார்.

"அது ஞாபகம் இருக்கு. பெத்த புள்ள பொறந்த தேதி ஞாபகமில்ல, இல்லையா?"

அவர் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அற்புதராஜ் தன் மேசையிலிருந்து கைதட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 24

பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கோமளா என்று ஒரு அம்மாள் வந்தார். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். ஒன்பது வருடம் ஆகிறது. மகன் ஹேமந்த் கணிதம் முதலாமாண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, ராணுவ ஆவணத்தில் மூன்று நாள் தள்ளி ஒரு தேதி.

"கூட்டு உறுதிமொழிப் பத்திரம் வேணும்மா. கணவர், மனைவி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, மிலிட்டரி ரெக்கார்டு ஆபீஸ்ல தேதிய மாத்தி வாங்கிட்டு வரணும்" என்றேன்.

"அவரு இல்லியே சார்."

"சுற்றறிக்கைல அப்படித்தாம்மா போட்டிருக்கு."

கண்ணாடிக்கு அடியில் இருந்ததை விரலால் தட்டிக் காட்டினேன். அந்த அம்மாள் குனிந்து அதைப் பார்த்தார். படிக்கவில்லை, பார்த்தார். பிறகு கோப்பை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விதி விதிதான். ஆளுக்கொரு விதி வைத்துக்கொண்டால் அது சந்தைக்கடை.

ஜூலை 25

வண்டிக்கு ஆயில் மாற்றினேன்.

ஆகஸ்ட் 15

சுதந்திர தின விழாவில் போர் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லையைப் பற்றி வீர உரை எதிர்பார்த்து முதல் வரிசையில் தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கோவேறு கழுதைக்கு லாடம் அடிப்பது எப்படி என்று ஆரம்பித்தேன். பனிக்காலத்தில் கணவாய் மூடிவிட்டால் ஆறு மாதம் மேலே இருப்பவன் மேலேதான், கீழே இருப்பவன் கீழேதான். சாவுச் செய்தியும் பிறப்புச் செய்தியும் ரேடியோவில் கரகரவென்று வரும். ஒரு தடவை சொன்னால் உண்டு, திரும்பக் கேட்க முடியாது என்றெல்லாம் சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துவிட்டது. 'ஜெய்ஹிந்த்' சொல்லி இறங்கிவிட்டேன்.

தாளாளர் கை குலுக்கும்போது, "அடுத்த தடவ குண்டு, துப்பாக்கி ஏதாச்சும் சேத்துக்குங்க" என்றார்.

கடைசி வரிசையில் ஜீவிதா நின்றிருந்தாள். மற்றவர்கள் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். தூரம் அதிகம், சரியாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 28

நிலவரம்: மொத்தக் கோப்புகள் 31. சரிபார்த்தவை 20. திருப்பி அனுப்பியவை 10. அற்புதராஜ் என் வேகத்தைப் பாராட்டினார்.

ரேணுகா கேட்டாள். "நம்ம பொண்ணு ஃபைலு முடிஞ்சுதா? நீதானே அங்க ஒக்காந்துனு கீற."

"வரிசைப்படிதான் பாக்க முடியும்" என்றேன்.

"ஜீவிதாவுக்கு ஜே எழுத்து. நீ இன்னும் ஜே-வுக்கே வரலியா?"

ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

செப்டம்பர் 9

முப்பத்தொன்றாவது கோப்பு என் மேசையின் கீழ் டிராயரில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்திலிருந்து இருக்கிறது. இன்று அற்புதராஜ் ஸ்டேப்ளர் பின் தேடி அந்த டிராயரைத் திறந்துவிட்டார்.

கோப்பைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கோப்பைப் பார்த்தார். "தகப்பனார் பேரு தணிகைவேல்னு போட்டிருக்கு. ஹவில்தார்னு போட்டிருக்கு. சார், அந்த ஜீவிதா உங்க பொண்ணா?"

ஆமாம்.

பிறப்புச் சான்றிதழில் நவம்பர் 9. என் டிஸ்சார்ஜ் புக்கில் நவம்பர் 21. பன்னிரண்டு நாள் வித்தியாசம்.

அற்புதராஜ் சிரிக்கவில்லை, அவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "இதுக்குப் போயி ரெண்டு மாசமா டிராயர்ல வச்சிருக்கீங்க. பச்ச மை உங்க கைல இருக்கு. போட்டுட்டுப் போங்க. எவன் பாக்கப் போறான்?" என்றார்.

பேனாவை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். துப்பாக்கி நம்பர் ஒப்பித்த நாயக்கின் மீசை ஞாபகம் வந்தது. மஞ்சள் பை ஞாபகம் வந்தது. மூடியைப் போட்டேன்.

அந்த வித்தியாசம் எனக்கு எப்போதோ தெரியும். இந்த மேசை வேலைக்கு நான் முண்டியடித்துக்கொண்டு விண்ணப்பித்தது பாதிக் கட்டணத்துக்காக மட்டும் இல்லை. இதை இங்கே எழுதுவதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு முன்பே வந்திருந்தது. வைத்துக்கொண்டேதான் மற்றவர்களைப் பார்த்து இளித்திருக்கிறேன்.

செப்டம்பர் 17

மழை. கார்பரேட்டரைக் கழற்றி சுத்தம் செய்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 25

மதியம் மூன்று மணிக்கு ஜீவிதா நாலாம் மேசைக்கு எதிரில் வந்து நின்றாள். இந்த மூன்று மாதத்தில் கல்லூரிக்குள் அவள் என் பக்கம் வந்தது இதுதான் முதல் தடவை.

"சார், என் ஃபைல் பெண்டிங்னு டியூட்டர் சொன்னாங்க" என்றாள்.

பெற்ற மகள் சார் என்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. டிராயரைத் திறந்து கோப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளே பிரித்தாள். டிஸ்சார்ஜ் புக் நகலில் தன் பேருக்கு நேரே இருந்த தேதியைப் படித்தாள். பக்கத்தில் இருந்த பிறப்புச் சான்றிதழைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த விஷயத்தில் அப்படியே என்னைப் போல.

"பன்னெண்டு நாளு லேட்டு" என்றாள். "பரவால்ல. உங்க மத்த லேட்டுக்கு இது கம்மி."

அற்புதராஜ் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

"இப்ப இன்னா பண்ணணும்?" என்று கேட்டாள். ரெக்கார்டு ஆபீஸில் திருத்தி வாங்க நாலைந்து மாதம் ஆகும், இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்றேன். "அப்ப என் சீட்டு?" என்றாள். நான் கண்ணாடிக்கு அடியில் இருந்த சுற்றறிக்கையைத் தட்டிக் காட்டினேன். பழக்கம்.

அவள் கண்ணாடியைத் தூக்கி, சுற்றறிக்கையை உருவி எடுத்துப் படித்தாள். முடித்ததும், சாதாரணமாகத் தாளைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் ஆறு வரி இருந்தது.

எனக்குப் படித்துக் காட்டினாள். தேதியிலோ பெயரிலோ வேறுபாடு இருந்தால், திருத்தம் கோரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு இருந்தாலே போதும். அதை வைத்துச் சரிபார்க்கலாம். தகப்பன் இறந்திருந்தால் தாய் ஒருவரின் கையெழுத்துப் போதும்.

மூன்று மாதமாக அந்தத் தாள் என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. நான் அதைத் திருப்பவே இல்லை. கண்ணாடிக்கு அடியில் அத்தனை பத்திரமாக வைத்திருந்தேன்.

"இத்தன பேர திருப்பி அனுப்பிச்சீங்களேப்பா" என்றாள் ஜீவிதா. அப்பா என்று சொன்னதை அவளும் கவனிக்கவில்லை, எனக்கும் சந்தோஷப்பட அப்போது நேரமில்லை.

செப்டம்பர் 26

பத்து பேருக்கும் போன் செய்தேன். வகுப்புக்குப் போகவில்லை. என் பக்கம்தான் தவறு, ஒப்புகைச் சீட்டு போதும், திங்கட்கிழமைக்குள் மனு கொடுத்துவிடுங்கள் என்று போனை எடுத்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிலர் நன்றி சொன்னார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. மீசை நாயக் முழுதாகக் கேட்டுவிட்டு, "சார், உங்க மேச நம்பராச்சும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு வைத்துவிட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

கோமளா அம்மாள் போனை எடுக்கவில்லை. ஹேமந்தின் வகுப்பில் விசாரித்தேன். அவன் செப்டம்பர் 12-ஆம் தேதியே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

செப்டம்பர் 27

வண்டியில் பேர்ணாம்பட்டுப் பக்கம் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. மிலிட்டரிக்காரர் வீடு என்றதும் கை காட்டினார்கள்.

கோமளா அம்மாள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். ஹேமந்த் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குப் போகிறானாம். "எப்படியும் சீட்டு போகப்போது, போறதுக்கு முன்னாடி நாமளே வந்துடலாம்னு அவன்தான் சொன்னான் சார்" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் கையெழுத்து மட்டும் போதுமாயிருந்தது என்றேன்.

"அவரு கையெழுத்து இல்லாமலேவா?"

"ஆமாம்மா."

"அப்ப ஏன் சார் அப்படி சொன்னீங்க?"

"பின்பக்கம் திருப்பிப் பாக்கல."

அவர் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு என்னிடம் சொல்வது போல இல்லாமல் பொதுவாகச் சொன்னார். "அவரு இன்லேண்டு லெட்டர்ல மடிக்கிற எடத்துலகூட எழுதி அனுப்புவாரு. நான் எல்லாப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படிப்பேன். ஒரு வரி உட்டுப்போச்சுன்னா அடுத்த லெட்டருக்கு ஒரு மாசம் ஆவும் இல்ல?"

எனக்கு அவமானமாக இருந்தது. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தடவை கழுதையிடம் உதை வாங்கியபோதும் எழுந்து நின்றுவிட்டேன். இன்று அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

டி.சி.யைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். அதே மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தார். அவரை நல அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். "மறுபடியும் அலைய வெக்க மாட்டீங்களே சார்?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன்.

செப்டம்பர் 29

காலையில் கோமளா அம்மாள் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டார். அவரோடு கூடவே நின்றேன். ஜீவிதாவுக்கு மனு கொடுக்க நாளை ஒரு நாள் இருக்கிறது. அதை நாளைக்கு வைத்துக்கொண்டேன். இன்றைக்கு டி.சி. வேலை.

கொடுத்த டி.சி.யை ரத்து செய்ய முடியாது என்றார் அற்புதராஜ். செய்ய வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். கல்லூரியின் தவறு என்று எழுதினால் தாளாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். மாணவனின் தவறு என்று எழுதினால் ரத்து செய்ய முடியாது. "ரெண்டும் இல்லாம ஏதாச்சும் எழுதுங்க சார். எழுத்தர் தவறுன்னு போட்டுடலாம். யாருக்கும் வலிக்காது."

எழுத்தர் தவறு என்றே எழுதினேன். அடுத்த வரியில், 'அந்த எழுத்தர், மேசை எண் நான்கில் பகுதிநேரப் பணியிலுள்ள வரலாறு முதலாமாண்டு மாணவன் தணிகைவேல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இது வேணாம் சார். தாளாளர் பாத்தா இந்த வேலைய உட்டே எடுத்துடுவாரு. சலுகையும் போயிடும்."

"குடுங்க" என்றேன்.

மூன்று மணிக்குத் தாளாளர் கூப்பிட்டார். மூன்றேகாலுக்கு நான் வெறும் மாணவன். மூன்றரைக்கு ஹேமந்தின் டி.சி. ரத்தானது. இத்தனை விரைவாக அந்தக் கல்லூரியில் எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை என்றார் அற்புதராஜ். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த என் படத்தையும் மாலையில் கழற்றிவிட்டார்கள். இரண்டாவது தடவையாகப் பொதுமக்கள் முன்னிலையில் செத்தேன். இந்தத் தடவை ஆம்பூர் மாமாவுக்குச் செலவில்லை.

வீட்டில் சொன்னேன். மீதிக் கட்டணத்துக்கு சாயந்தரம் எங்காவது வேலை பார்க்க வேண்டும் என்றேன். ரேணுகா, "அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல பொண்ணு சீட்டப் பாரு" என்றாள்.

செப்டம்பர் 30

ஒப்புகைச் சீட்டை நாலு மணிக்கு அற்புதராஜ் வாங்கிக்கொண்டார். பச்சை மையில் அவரே கையெழுத்துப் போட்டார். ஜீவிதாவின் இடம் நிலைத்தது. ஹேமந்த் உட்பட மற்றப் பத்துப் பிள்ளைகளின் இடமும் நிலைத்தது.

காலையில் நடந்ததை எழுத வேண்டும்.

மனுவோடு வைக்க வேண்டிய உறுதிமொழிப் பத்திரத்துக்காகக் கோர்ட்டுக்கு எதிரே உள்ள நோட்டரி அலுவலகத்துக்கு நானும் ஜீவிதாவும் போனோம். தன் கையெழுத்தைப் போட ரேணுகா பின்னால் பேருந்தில் வருவதாகச் சொல்லியிருந்தாள். டைப் அடிக்கிறவர் இதை ஆயிரம் தடவை அடித்தவர். எங்களிடம் கேட்காமலே 'எழுத்தர் தவறால்' என்று அடித்துக்கொண்டு போனார். நிறுத்தச் சொன்னேன். "தகப்பனாகிய நான் தவறாகத் தெரிவித்ததால்" என்று மாற்றச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாற்றினார்.

"ஏன் தப்பா சொன்னீங்க?" என்று கேட்டாள் ஜீவிதா. "மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அவள் பிறந்த மறுநாளே ரேடியோவில் செய்தி வந்துவிட்டது. நவம்பர் ஒன்பது, பெண் குழந்தை, இருவரும் நலம். கணவாய் அதற்கு முந்தின வாரமே மூடிவிட்டது. பிள்ளை பிறந்தால் தகப்பனுக்குப் பதினைந்து நாள் லீவு உண்டு. ஆனால் பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்தால்தான். ஒன்பதாம் தேதி என்று எழுதினால் மே ஒன்பதோடு லீவு போய்விடும். கணவாய் வழக்கமாக மே பாதிக்கு மேல்தான் திறக்கும். எண்ணிப் பார்த்தேன். மாதக் கடைசியில் எழுத்தர் பேனாவோடு நிமிர்ந்து தேதி கேட்டபோது, இருபத்தொன்று என்றேன். மே இருபத்தொன்று வரைக்கும் தாங்கும் என்று நினைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

இதை எல்லாம் அங்கே நின்றபடியே அவளிடம் சொன்னேன். டைப்பிஸ்ட் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னப் பாக்க வர்றதுக்காக" என்றாள்.

"ஆமா."

"வந்தீங்களா?"

அந்த வருடம் கணவாய் மே இருபத்தேழாம் தேதி திறந்தது. லீவுக்கான கெடு முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அதற்கப்புறம் கோடை முழுவதும் மேலே சாமான் ஏற்றுகிற காலம், யாருக்கும் லீவு கிடையாது. அடுத்த பனிக்கு முன் கீழே இறங்கி, லீவு கிடைத்து முதல் தடவை நான் அவளைப் பார்த்தபோது அவளுக்குப் பதினாலு மாதம். நடந்து வந்து ரேணுகாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இல்ல" என்றேன்.

ஜீவிதா பத்திரத்தை வாங்கி ஒரு தடவை படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"பொய் சொன்னதுக்காவது வந்திருக்கலாம்" என்றாள்.

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. டைப்பிஸ்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைக் கேட்டாள். நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே அவளும் போட்டாள். அதற்குப் பக்கத்தில் தேதி எழுத ஒரு கோடு இருந்தது. எழுதப் போனவள் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு இன்னா தேதிப்பா? நெஜமான தேதிய சொல்லுங்க."